இட்லி சாப்பிட்டார் என்றார்கள்

2016 செப்டம்பர் 22 இரவு ஜெயலலிதாவை அப்போலோவில் சேர்த்தபோது சொன்ன காரணம் காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, அவ்வளவுதான். அப்புறம் 75 நாள், ஒரு போட்டோ கூட வரவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒருவர் 'அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்' என்று போட்டால், மத்தியானத்துக்குள் இன்னொருவர் 'எல்லாம் முடிந்துவிட்டது, அறிவிப்பைத்தான் தள்ளிப்போடுகிறார்கள்' என்று போடுவார், ரெண்டு பேருக்குமே மருத்துவமனைக்குள் 'தெரிந்தவர்' இருந்தார்! வதந்தி பரப்பியதாகச் சிலரைப் போலீஸ் கைது செய்த செய்தி வந்ததும் குழுவில் ரெண்டு நாள் வெறும் குட்மார்னிங் ரோஜாக்கள்.

எனக்கு மறக்காதது அந்தக் கைரேகைதான். இடைத்தேர்தல் படிவத்தில் கையெழுத்துக்குப் பதிலாக இடது கட்டைவிரல் ரேகை. வலது கையில் வீக்கம் என்று டாக்டர் சான்று. டீக்கடையில் ஒரு பெரியவர் பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார்.

டிசம்பர் 5 மாலை சில சேனல்கள் முந்திக்கொண்டு இறந்துவிட்டார் என்றன. கட்சி அலுவலகக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது, மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏறியது. கடைசியில் அறிவித்த நேரம் இரவு 11.30.

மறைத்தால் ஜனங்கள் கதை கட்டாமல் என்ன செய்வார்கள்? மறு வருஷம் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மதுரை மேடையிலேயே சொன்னார்: ஆஸ்பத்திரியில் அம்மா இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னது பொய், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று.