தெரபிஸ்ட் கிட்ட போறதுக்கு முன்னாடி போன்லயே கேட்டுடுங்க

வீட்ல வரன் பாக்க ஆரம்பிச்சதும்தான் இது என்னைத் தூங்க விடாம பண்ண ஆரம்பிச்சுது. காலேஜ்ல ஒரு பையனை உண்மையாவே பிடிச்சிருந்துச்சு, இப்ப ஆபிஸ்ல ஒரு பொண்ணு மேல அதைவிட ஆழமா ஒரு ஈர்ப்பு, அப்ப நான் யாரு, இந்த நிலைமைல ஒருத்தருக்குக் கழுத்தை நீட்டுறது அவருக்காவது நியாயமா... இதை யார்கிட்டயாவது வாய்விட்டுப் பேசணும், அவ்ளோதான் எனக்கு வேணும்.

தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனப்போ திருச்சியில ஒரு மனநல டாக்டரைப் பாத்தேன். ஃபார்ம்ல 'என்ன பிரச்சனை'ன்னு இருந்த இடத்துல 'தூக்கம் இல்ல'ன்னு மட்டும் எழுதினேன், ரிசப்ஷன்ல இருந்தவங்க அதையும் ஹால்ல எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிச்சுட்டு "கூட யாரும் வரலையாம்மா, கல்யாணம் ஆகலையா"ன்னாங்க. டாக்டர் நான் சொல்றதைப் பாதியிலயே நிறுத்திட்டார். "ஹாஸ்டல்லயே இருந்தா இப்படித்தான் தோணும், கல்யாணம் ஆனா சரியாயிடும்"னு சொல்லி ஹார்மோன் டெஸ்டுக்குச் சீட்டு எழுதி, அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொன்னார். வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்தப்போ கை நடுங்கிட்டே இருந்துச்சு. அந்த டெஸ்டை நான் எடுக்கவே இல்ல.

அவர் பேசுனது எவ்ளோ தப்புன்னு அப்புறம்தான் தேடிப் படிச்சேன். ஒரே பாலினத்தவர் மேல ஈர்ப்பு வர்றது நோயே இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் 1990லயே பட்டியல்லேர்ந்து எடுத்தாச்சு. 2021 ஜூன்ல, ஒரு லெஸ்பியன் ஜோடி பாதுகாப்பு கேட்டுப் போட்ட சுஷ்மா வழக்குல சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை, அதாவது யார் மேல ஈர்ப்பு வருதுங்கிறதை, மாத்துறேன்னு சிகிச்சை குடுக்கவே கூடாதுன்னு உத்தரவு போட்டார். அதுக்கு முன்னாடி தனக்கு இந்த விஷயத்துல புரிதல் போதாதுன்னு அவரே ஒரு சைக்காலஜிஸ்ட் கிட்ட உக்காந்து பேசிருக்கார், அதைப் படிச்சப்போ எனக்கு அழுகை வந்துடுச்சு. ஒரு நீதிபதிக்கு இருந்த பொறுமை என் டாக்டருக்கு இல்லாமப் போச்சேன்னு இருந்துச்சு. 2022ல தேசிய மருத்துவ ஆணையமும் இப்படி மாத்துறதா சிகிச்சை குடுக்குறது தொழில்முறை ஒழுங்கீனம்னு சொல்லிடுச்சு.

அடுத்து ஆன்லைன். ஹாஸ்டல்ல ரூம்மேட் இருக்காங்க, மொட்டை மாடியில துணி காயப் போட யாராவது வந்துட்டே இருப்பாங்க, கடைசில பார்க்கிங்ல வண்டி மேல உக்காந்து இயர்போன் மாட்டிட்டு குசுகுசுன்னு பேசினேன். இந்தக் கவுன்சிலர் நேர் எதிர். முதல் செஷன் முடியறதுக்குள்ளயே "நீங்க லெஸ்பியன்தான், சீக்கிரம் அம்மாகிட்ட சொல்லிடுங்க, பாரம் இறங்கிடும்"னாங்க. நல்ல எண்ணம்தான், சந்தேகமே இல்ல, ஆனா நான் இன்னும் யோசிச்சு முடிக்காத ஒண்ணை எனக்காக அவங்க முடிச்சுட்டாங்க. அந்த நேரம் நான் வீட்ல சொல்லிருந்தா அன்னிக்கு ராத்திரியே என்னைத் திருச்சிக்கு இழுத்துட்டுப் போயிருப்பாங்க.

அதனால மூணாவதா ஒருத்தர் கிட்ட போறதுக்கு முன்னாடி போன்லயே எல்லாத்தையும் கேட்டேன். பாலீர்ப்பு பத்தி குழப்பத்துல வர்றவங்களோட வேலை செஞ்சிருக்கீங்களா, வீட்டுக்குச் சொல்லுவீங்களா, நோட்ஸ்ல என்ன எழுதுவீங்கன்னு. கோவப்படாம பொறுமையா பதில் சொன்னாங்க, உயிருக்கு ஆபத்துங்கிற நிலைமைல மட்டும்தான் வெளிய சொல்ல வேண்டி வரும்னு தெளிவா சொன்னாங்க. போனதும் அவங்க கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு இப்பவே பதில் கண்டுபிடிக்கணும்னு யாரு அவசரப்படுத்துறாங்க?" எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. அவசரம் பூரா ஜாதகத்தோடது, என்னோடது இல்ல. அதுக்கப்புறம் பேச்சு தானா வந்துச்சு. நான் பைசெக்‌ஷுவலா (ஆண், பெண் ரெண்டு பேர் மேலயும் ஈர்ப்பு வர்றவளா) என்னன்னு இன்னும் முடிவு பண்ணல, ஆனா ஒரு வருஷம் வரன் பாக்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லி, கத்தல் எல்லாம் முடிஞ்சு, நிறுத்தியாச்சு. இதை நான் சாதாரணமா நினைக்கல.

போறவங்களுக்குச் சிலது சொல்லிடறேன். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொல்றவங்க ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு வெச்சிருக்கணும், நம்பர் கேளுங்க, குடுக்கத் தயங்கினா வேற ஆளைப் பாருங்க. சென்னையில ஓரினம் மாதிரி எல்ஜிபிடி குழுக்கள்ல விசாரிச்சா நல்ல ஆளுங்களைப் பத்தித் தெரிய வரும். காசு கஷ்டம்னா வெளிப்படையா சொல்லுங்க, சிலர் ஃபீஸ் குறைச்சுக்குவாங்க. அதுக்கும் வழியில்லன்னா அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம். அப்பாவோட ஜாயின்ட் அக்கவுன்ட்லேர்ந்து பணம் அனுப்பாதீங்க, மெசேஜ் அவர் போனுக்குப் போயிடும். டாக்டர் யாராவது மாத்திக் காட்டுறேன்னு சொன்னா அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க, மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதும்போது அது வேணும். என்னோடது பத்திரமா இருக்கு, புகாரை எழுதிட்டிருக்கேன்.