சுவரில் செருகிய சார்ஜரும் உடல்வழிச் சமிக்ஞையும்

மணிக்கட்டுப் பட்டையிலிருந்து மார்பில் ஒட்டிய வாங்கிக்கு (ரிசீவர்), உடலையே கம்பியாகக் கொண்டு தரவு அனுப்பும் கருவி ஒன்றில் சில காலம் பணியாற்றினேன். கருத்து புதிதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தாமஸ் சிம்மர்மன் 1990களின் நடுவிலேயே இதைச் செய்துகாட்டினார். 2012இல் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. வெளியிட்ட 802.15.6 தரநிலை, 21 மெகாஹெர்ட்ஸை மையமாக வைத்து இதற்கு இடம் தந்தது. எங்கள் கருவி இயங்கியது சில நூறு கிலோஹெர்ட்ஸில்.

மேசைச் சோதனையில், மின்னலைகளை வரைந்துகாட்டும் ஆஸிலோஸ்கோப்பின் திரையில் சமிக்ஞை கண்ணுக்கு இதமாகத் தெரிந்தது. அதை நம்பியதுதான் எங்கள் முதல் தவறு. மின்சுற்று முழுமையடையத் திரும்பும் பாதையும் வேண்டும். உடலில் அணிந்த கருவிக்கு அந்தப் பாதை, சுற்றியுள்ள நிலத்தோடு (எர்த்) அதற்கிருக்கும், பிக்கோஃபாரட் அளவிலான மிகச் சிறிய மின்தேக்கம் மட்டுமே. ஆஸிலோஸ்கோப்போ சுவரிலுள்ள எர்த் கம்பி வழியாக வலுவான பாதையை இலவசமாகக் கொடுத்துவிட்டது. பேட்டரியில் இயங்கும் அளவிக்கு மாறியதும் சமிக்ஞை பல மடங்கு சுருங்கியது.

அவ்வளவு மெலிந்த சமிக்ஞைக்குக் குறுக்கீடு எமனாயிற்று. பட்டையை அணிந்து நடமாடிய சக பொறியாளரிடம் எல்லாத் தரவுப் பேக்கெட்டுகளும் வந்து சேர்ந்தன. அவர் தம் இருக்கையில் அமர்ந்தால் மட்டும் பாதி தொலைந்தன. இரண்டு நாள் மென்பொருளைக் குறை சொன்னோம். மூன்றாம் நாள், சார்ஜரில் இருந்த அவருடைய மடிக்கணினியின் உலோக மூடியை என் புறங்கையால் மெல்லத் தடவினேன். தோலுக்கடியில் சொரசொரவென ஓர் அதிர்வு. இருமுனை பிளக் கொண்ட சார்ஜரில், சுவர் மின்சாரப் பக்கத்தையும் வெளியீட்டையும் இணைக்கும் சிறு மின்தேக்கி வழியாக 50 ஹெர்ட்ஸ் கசிவும், சார்ஜர் மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடுவதால் எழும் ஸ்விட்ச்சிங் இரைச்சலும் மூடிக்கு வந்து, அங்கிருந்து அவர் கைக்கு ஏறின. பிளக்கைப் பிடுங்கியதும் பிழைகள் நின்றன.

உறையிட்ட கம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை. தொட்டதையெல்லாம் உடல் உள்ளே அழைத்துக்கொள்கிறது. அனுப்பும் முன் இரைச்சலைக் கேட்டு அமைதியான அலைவரிசைக்கு நகரும் முறையைக் கருவியில் சேர்த்தோம். இழப்பு வெகுவாகக் குறைந்தது, முற்றிலும் நீங்கவில்லை. அந்தக் கருவி நோயாளியின் இதயத்துடிப்பைச் சுமக்க வேண்டியது. சார்ஜரில் போட்ட கைப்பேசியைப் பிடித்தபடி படுத்திருக்கும் ஒருவரிடம் அது தோற்கக் கூடாது என்பதில் எனக்குச் சமரசமே இல்லை. அதனால், கடைத்தெருவில் வாங்கிய ஐந்து மலிவு சார்ஜர்கள் எங்கள் சோதனை மேசையில் நிரந்தரமாகச் செருகியே இருக்கின்றன.