சுரங்கத்துக்குள்ளே பேட்டரி வண்டி

குப்பத்தில் எங்கள் தெருவில் பலருக்குக் கோலார் தங்க வயலோடு ஏதோ ஒரு தொடர்பு உண்டு, அதனால் சுரங்கம் என்றாலே இங்கே பேச்சு காற்றில்தான் போய் நிற்கும். 3 கிலோமீட்டருக்கும் கீழே போன அங்கத்திய சாம்பியன் ரீஃப் சுரங்கம் மாதிரி இடத்துக்குக் காற்று அனுப்புவதே தனி வேலையாக இருந்தது.

இன்றைய சுரங்கங்களில் பாறையை அள்ளும் டீசல் லோடரும் டிரக்கும் உள்ளேயே ஓடுகின்றன. அந்தப் புகையையும் சூட்டையும் வெளியே தள்ள ராட்சத விசிறிகள் இரவு பகலாகச் சுற்ற, கரன்ட் பில்லில் பெரிய பங்கு அதற்கே போகிறது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாகவே சொல்லிவிட்டது.

பேட்டரி வண்டியில் புகை இல்லை, சூடும் குறைவு. கனடாவின் போர்டன் தங்கச் சுரங்கத்தை ஆரம்பத்திலிருந்தே இதற்கென்று திட்டமிட்டு 2019இல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். பழைய சுரங்கத்தை மாற்றுவதுதான் தலைவலி. சார்ஜ் போடப் பாறையைக் குடைந்து இடம் பண்ணணும், கேபிள் இழுக்கணும், ஷிஃப்ட் நடுவில் வண்டி நின்றால் லோடும் நிற்கும். பேட்டரியையே கழற்றி மாற்றும் வண்டிகள் வந்தது அதனால்தான்.

இறக்கத்தில் பிரேக் பிடித்தால் சார்ஜ் ஏறும் என்று பெருமையாகச் சொல்வார்கள். சரி, ஆனால் பெரும்பாலும் லோடோடு மேலே ஏறி, காலியாகத்தானே இறங்குகிறது!

என் பயமெல்லாம் தீதான். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் அணைப்பது கஷ்டம், நச்சு வாயுவும் கிளம்பும். "விசிறியில மிச்சமாகுற காசுல முதல்ல தீப்பிடிச்சா ஆளுங்க பாதுகாப்பா ஒதுங்குற அறையைப் பெருசாக் கட்டச் சொல்லுடா" என்கிறார் மாமா.