முகப்பு லிங்க் மட்டும் கொடுத்தால் போதாது

என் மின்னூலைத் திருடிப் போட்டிருந்த இணையப் பக்கம் நேற்று ராத்திரிதான் நீங்கியது. இப்போது திறந்தால் 404, பக்கம் இல்லை என்று வருகிறது. நம்பிக்கை வராமல் நாலைந்து முறை திறந்து பார்த்துவிட்டேன். மொத்தம் 23 நாள் அலைச்சல்.

கோட்டோவியம் கற்றுத்தரும் 112 பக்க மின்னூல் ஒன்றை எழுதி விற்கிறேன். படங்கள் எல்லாம் நான் கையால் வரைந்தவை. ஒரு வாசகர் அனுப்பிய லிங்க்கைத் திறந்தால் முழு பிடிஎஃப்பும் இலவசமாகக் கிடக்கிறது, அட்டையில் வேறு யாரோ பெயர். 41-ஆம் பக்கத்துக்குப் போனேன். விரல்கள் வரையும் பாடம். கட்டைவிரல் ஓரத்தில் மை சொட்டிய சின்னக் கறையை அழிக்காமல் விட்டிருந்தேன். அந்தக் கறையும் அப்படியே இருந்தது. வயிறு எரிந்தது.

ஆத்திரத்தில் தளத்துக்காரருக்கே நேராக மெயில் எழுதினேன். அதுதான் தப்பு. பதில் இல்லை. மறுநாள் பழைய லிங்க் வேலை செய்யவில்லை, அதே கோப்பு மூன்று வேறு முகவரிகளில் இருந்தது. என் கையில் ஒரு ஸ்கிரீன்ஷாட்கூட இல்லை. தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், இணையப் பக்கங்களின் நகலைத் தேதியோடு சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பக்கத்தைச் சேமியுங்கள், கோப்பையும் இறக்கி வையுங்கள். அப்புறம் வாயைத் திறக்கலாம்.

பதிப்புரிமையைப் பதிவு செய்யவில்லையே என்று பயந்தேன். அந்தப் பயம் வேண்டாம். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பதிவு இல்லாமலே உரிமை படைத்தவருக்கு வந்துவிடுகிறது.

சரி, டிஎம்சிஏ நோட்டீஸ், அதாவது திருட்டு நகலை நீக்கச் சொல்லிக் கொடுக்கும் புகார். டிஎம்சிஏ 1998-ல் வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம்தான், ஆனால் எந்த நாட்டுக்காரர் புகார் கொடுத்தாலும் தளங்களின் கோப்புகளைத் தங்கள் கணினிகளில் வைத்திருக்கும் பெரிய ஹோஸ்டிங் கம்பெனிகள் பலவும் இந்த முறையில்தான் வாங்குகின்றன. யாரிடம் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். தேடினால் தளத்துக்கு முன்னால் நின்று பக்கங்களைப் பார்ப்பவர்களுக்குக் கொண்டுபோய்த் தரும் சிடிஎன் கம்பெனியின் பெயர்தான் வந்தது. அவர்களுக்கு அனுப்பினேன். கோப்பு தங்களிடம் இல்லை என்று சொல்லி, உண்மையான ஹோஸ்ட் யாரென்று எழுதினார்கள். அதோடு விட்டார்களா? என் வீட்டு முகவரி, போன் நம்பரோடு நோட்டீஸை அப்படியே தளத்துக்காரருக்கும் அனுப்பிவிட்டார்கள். திருடியவர் யாரென்று எனக்குத் தெரியாது, என் வீடு எங்கே என்று அவருக்குத் தெரியும். இன்னும் மனசு ஆறவில்லை. வீட்டு முகவரியைக் கொடுக்காதீர்கள், அலுவலக முகவரியோ தபால் பெட்டியோ இருந்தால் அதைக் கொடுங்கள்.

அடுத்து ஹோஸ்ட் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினேன், ஐந்து நாள் கழித்து நிராகரித்தது. காரணம் கேட்டால் அதே அச்சுப் பதில் திரும்ப வந்தது. மூன்றாவது மெயிலுக்குத்தான் ஒரு மனிதர் பதில் எழுதினார்: தளத்தின் முகப்பு லிங்க்கை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள், ஒவ்வொரு கோப்பின் லிங்க்கும் வேண்டும். இன்னொன்றும் விட்டுப்போயிருந்தது. அனுமதி இல்லாமல் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று மனதார நம்புவதாக எழுதியிருந்தேன். உரிமையாளர் நான்தான், பொய் என்றால் பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்படுகிறேன் என்ற வாக்கியம் இல்லை. ஒரு வாக்கியத்துக்காக ஒரு வாரம் போயிற்று.

திருத்தி அனுப்பியதும் தளத்துக்காரர் அது தன் படைப்பு என்று சொல்லிவிட்டார். என் புகாரை மறுத்து அவர் முறைப்படி எதிர் நோட்டீஸ் கொடுத்தால், நான் வழக்குப் போடாதவரை, 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் கோப்பு திரும்ப ஏறிவிடும். அன்றைக்கு அலமாரியைக் குடைந்து மூலத் தாளைத் தேடி எடுத்தேன். மைக்கறை பழுப்பேறியிருந்தது. அதையும் அவருடைய 41-ஆம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். எதிர் நோட்டீஸ் கொடுப்பவர் தன் பெயர், முகவரி, போன் நம்பரைத் தந்து, நீதிமன்ற அதிகார எல்லைக்கும் சம்மதிக்க வேண்டும். ஹோஸ்ட் அதைக் கேட்டதோடு அவர் பேச்சு நின்றுபோயிற்று.

தேடல் முடிவுகளிலிருந்தும் லிங்க்கை எடுக்கத் தேடுபொறிக்குத் தனிப் படிவம். இரண்டே நாளில் முடிந்தது. ஆனால் அங்கே கொடுக்கும் நோட்டீஸின் நகல் இப்படிப்பட்ட நோட்டீஸ்களைச் சேர்த்து வைக்கும் லூமன் தரவுத்தளத்தில் யாரும் பார்க்கிற மாதிரி ஏறலாம், விளக்கப் பகுதியில் சொந்த விவரம் எதையும் எழுதாதீர்கள்.

இன்று காலை இன்னொரு வாசகர் வேறொரு தளத்தின் லிங்க் அனுப்பியிருக்கிறார். 41-ஆம் பக்கத்தில் கறை இருக்கிறது. இந்த முறை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று, யாருக்கும் இன்னும் மெயில் போடவில்லை.