இரண்டு குழாய்கள் ஒன்றாகும் இடம்

பிப்ரவரி 3
திராட்சைச் சாறு கலந்த அகார் தட்டில் ஈக்கள் இரவில் இட்ட முட்டைகளைக் காலையில் தூரிகையால் திரட்டினேன். ப்ளீச்சில் சற்று ஊறினால் வெளியோடு கழன்றுவிடும். உள்ளிருக்கும் டிரோசோஃபிலா (பழ ஈ) கரு அரை மில்லிமீட்டர் நீளம்தான். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். பழ ஈக்கு நுரையீரல் கிடையாது. திசுக்களுக்கு நேரடியாகக் காற்றைக் கொண்டுபோக அதற்குள் மூச்சுக்குழாய்கள் தயாராகிவிட வேண்டும்.

பிப்ரவரி 4
மூச்சுக்குழாய்களின் தொடக்கம் கருவின் இடமும் வலமும் பக்கத்துக்குப் பத்துப் பைகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 80 செல்கள். பை உள்மடிந்த பிறகு செல்கள் பிரிவதில்லை. இருப்பவையே நகர்ந்தும் நீண்டும் கிளைகளாகின்றன. சுற்றியுள்ள செல்கள் சுரக்கும் 'பிராஞ்ச்லெஸ்' புரதம் அவற்றை இழுக்கிறது. 'பிரெத்லெஸ்' என்ற ஏற்பி அதை உணர்கிறது. கிளை நீளும் கதையைத்தான் எல்லோரும் விரும்பிச் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதை. பத்துப் பைகளும் தனித்தனியே நின்றுவிட்டால் வலை ஏது?

பிப்ரவரி 6
இன்று இணைப்பையே பார்த்தேன். முதுகுப்புறப் பெருங்குழாயில், அடுத்தடுத்த இரு கிளைகளின் நுனியிலும் ஒவ்வொரு இணைப்புச் செல். இரண்டும் மெல்லிய இழைகளை நீட்டித் துழாவுகின்றன. இடையில் வேறு திசுவைச் சேர்ந்த ஒரு செல் பாலம்போல நின்று வழிகாட்டுகிறது. குழாயில் அதற்குப் பங்கே இல்லை. யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு இவ்வளவு உழைப்பு!

இழைகள் தொட்டதும் அங்கே செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் 'ஈ-கேட்ஹெரின்' புரதம் புள்ளியாகத் திரண்டு ஒளிர்ந்தது. பிறகு புள்ளி வளையமாக விரிந்தது. இதற்குள் இரு பக்கக் குழாய்களின் உட்குழிவுகளும் செல்களுக்குள் புகுந்து ஒன்றையொன்று நெருங்கின. கடைசிச் சவ்வும் திறந்தபோது இரண்டு செல்களும் உளுந்து வடை வடிவில் நின்றன. துளை வழியே குழாய் தொடர்ந்தது. சுவரில் எங்கும் கசிவில்லை. வெட்டி ஒட்டியிருந்தால் இது நடக்காது. செல் தன்னையே துளைத்துக்கொடுத்தால்தான் நடக்கும்.

பிப்ரவரி 9
ஆர்ல்3 புரதம் இல்லாத கருக்கள். நுனிகள் சந்திக்கின்றன, பிடித்துக்கொள்கின்றன, ஆனால் நடுச்சுவர் திறக்கவில்லை. ஒட்டுவது வேறு, திறப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 'எஸ்கார்கோ' மரபணு பழுதான கருக்களில் கோளாறு இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது: முதுகுக் கிளையின் இணைப்புச் செல் தன் இயல்பை விட்டு, திசுக்களுக்குள் நுண்குழாய் ஓட்டும் முனைச் செல்லைப்போல நடந்துகொள்கிறது.

பிப்ரவரி 10
இடவல முதுகுக் கிளைகள் நடுக்கோட்டில் சேர்வதை அடுத்துப் படமெடுக்க வேண்டும். அது பிந்திய கட்டம். முட்டை திரட்டும் நேரத்தை மாற்றியாக வேண்டும்.