அடுத்த அலை யாருக்கு

கல்யாணத்துக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் மனைவியின் ஊரான திருக்கோவிலுக்கே குடிவந்துவிட்டேன். புதுச்சேரிப் பக்கம் பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் அலைச்சறுக்கு பழகியவன் நான். தெற்கே பொத்துவில், அதைத் தாண்டினால் அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்பை என்பதுதான் புது நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல். அதே வங்காள விரிகுடா, அதே கிழக்குப் பார்த்த கரை. ஆனால் அலையின் குணம் வேறு.

எங்கள் பக்கம் அலை மணலுக்கு மேல் உடையும். மணல் நகர நகர அதுவும் இடம் மாறும். அறுகம்பையில் மெயின் பாயிண்ட் என்று சொல்லும் அலைச்சறுக்கு இடத்தில் அப்படியில்லை. தெற்கே வெகுதொலைவில் வீசும் புயலில் பிறந்த அலை, குடாவின் தென்முனையைச் சுற்றி வளைந்து, முருகைக்கல் (பவளப்பாறை) திட்டில் ஏறி உடையத் தொடங்கும். அந்த உடைப்பு வலப்பக்கமாக, கரையை ஒட்டி வடக்கு நோக்கி ஓடிக்கொண்டே போகும். நல்ல நாளில் சில நூறு மீட்டர் பலகையில் நின்றபடியே வரலாம். ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை இதற்கான காலம். அப்போது கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசி, விடியற்காலையில் அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும். வெயில் ஏறினால் கடற்காற்று வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். அதனால் இருட்டோடு மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவேன்.

எழுந்து நிற்கிற அந்த ஒரு நொடிதான் கஷ்டம். பின்னாலிருந்து அலை தூக்கும்போது கீழே பார்த்தால் பாறை தெரியும். கடல் வற்றியிருந்தால் தண்ணீர் ரொம்பக் குறைவு. விழுந்தால் காலை ஊன்றாமல் உடம்பைத் தட்டையாக வைத்து மிதக்க வேண்டும். பாறை இடுக்கெல்லாம் கறுப்பு முள் உருண்டைகளாகக் கடல் முள்ளெலிகள். ஒருநாள் பாதத்தில் குத்தி ஒடிந்த முள்ளோடு கரையேறினேன். மீன்பிடிக்கிற காக்கா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தோணி நிழலில் உட்காரவைத்து, தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, பாதியாக வெட்டி அழுத்தித் தேய்த்தார். "தோண்டாதீங்க தம்பி, தோண்டினா இன்னும் உள்ள போகும்" என்றார். தெரிந்தவன், தெரியாதவன் என்ற கேள்வியே அவருக்கு இல்லை.

அலை ஒரே இடத்தில் எழுவதால் எல்லோரும் அங்கேதான் காத்திருப்பார்கள். உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அலை. நடுவில் இன்னொருவர் புகுந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. உள்ளூர்ப் பையன்கள், மீனவர்கள் வலைபோட இடம் பிடிப்பது போல, கரையில் ஒரு கூரையையும் ஒரு தென்னையையும் அடையாளம் வைத்து உட்காருகிறார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் இடம் கற்றேன். புதிதாகப் பழகுகிறவர்களை நேராக இங்கே கூட்டிவருவது தப்பு. இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. பேபி பாயிண்ட் பக்கத்திலேயே இருக்கிறது, முதலில் அங்கே பழகட்டும்.

வீட்டில் மாமி இருக்கிறார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அவர் கடற்கரைக்குப் போவதே இல்லை. நான் பலகையோடு கிளம்புவது அவருக்கு எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். "போறன் எண்டு சொல்லாதீங்க மகன், வந்த பிறகு சொல்லுங்க" என்பார். அதனால் திரும்பி வந்ததும் முதலில் அவரிடம் போய்த்தான் நிற்பேன்.

போன ஆடிவேல் திருவிழாக் காலத்தில் அவர் கதிர்காமப் பாதயாத்திரையில் சேர்ந்து, பொத்துவில், பாணமை வழியாக உகந்தைக்கு நடந்தார். காட்டுப்பாதை திறப்பதற்காக எல்லோரும் முருகன் கோயிலில் தங்கியிருந்தபோது அரிசி, பருப்பு கொண்டுபோனேன். கோயிலை ஒட்டியே கடல். அங்கேயும் ஒரு பாயிண்ட் இருக்கிறது. சில பையன்கள் தண்ணீரில் இருந்தார்கள். மாமி நிழலில் உட்கார்ந்து, கால் வலிக்கு எண்ணெய் தேய்த்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை ஏன் அலைய விட்டுட்டான்?"

"அது மற்றவனோட முறை மாமி."

"அப்ப வாறது இவனுக்கா?"

"ஓம், அடுத்தது இவனுக்கு."

எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்துவிட்டு, அவன் எழுந்து நிற்கிறானா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்.