டூட்டி முடிந்த பிறகும் லாட்ஜில் தங்க அனுமதி வாங்கிய கதை

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை, வீடு உச்சிப்புளியில். ராத்திரி பத்துக்கு டூட்டி முடித்து, விடியற்காலை ரயிலில் வருகிறவர்களுக்கு அறை கொடுக்க நான்கு மணிக்கே நிற்க வேண்டும் என்றால், பாம்பன் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் தூக்கமே போய்விடும். அதனால் டார்மெட்ரியில் காலியாகக் கிடக்கும் கட்டிலில் படுத்துக்கொள்வோம், யாரும் எதுவும் கேட்டதில்லை. புது மேனேஜர் வந்தார், நோட்டீஸ் ஒட்டினார்: டூட்டி முடிந்து அரை மணி நேரத்தில் வெளியேற வேண்டும், தங்குவதாக இருந்தால் எழுத்தில் அனுமதி வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் கோபம்தான். நேரில் போய்க் கேட்டபோது அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "தம்பி, ராத்திரி போலீஸ் வந்து ரிஜிஸ்டரைப் பார்த்தால் உங்க பேரு எதிலும் இல்லை. படியில விழுந்து கால் உடைஞ்சா டூட்டியில விழுந்தீங்களா, தூங்க வந்த இடத்துல விழுந்தீங்களான்னு யார் சொல்றது?" விபத்து இழப்பீட்டுக்கு வேலையோடு தொடர்பு இருந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயில் 2010 திருத்தத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு காட்ட முடிந்தால், கணக்கில் வரும். டூட்டி முடிந்தும் அங்கேயே படுத்திருப்பவன் கதைதான் சிக்கல்.

ஆனால் அவர் சொல்லாத ஒன்று இருக்கிறது. உள்ளே படுத்திருந்தால் நடுராத்திரியில் எழுப்பி, "கீழே ஒரு பார்ட்டி வந்திருக்கு, கொஞ்சம் பார்த்துக்கோ" என்பார்கள். அது எந்த ஷிப்டிலும் ஏறாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டம் சொல்கிறது, தூக்கத்திலிருந்து எழுப்பினால் மட்டும் அது உதவியாகிவிடுகிறது!

எனவே மனுவில் தங்க அனுமதி மட்டும் கேட்கவில்லை. எந்த ஷிப்டுக்கும் எந்த ஷிப்டுக்கும் நடுவில் தங்குகிறேன், எந்த அறை, வந்த நேரம் போன நேரம் எழுதத் தனி நோட்டு, இடையில் வேலைக்கு அழைத்தால் அந்த நேரம் ஓவர்டைம் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும், இவ்வளவும் எழுதி, ஆதார் நகலையும் வைத்துக் கொடுத்தேன். மேனேஜர் கடைசி வரியை அடிக்கச் சொன்னார். மாட்டேன் என்றதும் மனு முதலாளிக்குப் போனது, அங்கே கொஞ்ச நாள் கிடந்தது. சூப்பர்வைசர் அண்ணன் இரண்டு மூன்று தடவை ஞாபகப்படுத்திய பிறகுதான் கையெழுத்தோடு திரும்பியது. வரி அப்படியே இருந்தது. நகல் ஒன்றை நானே வைத்துக்கொண்டேன். அப்புறம் ராத்திரி எழுப்புவது பாதியாகக் குறைந்துவிட்டது.

யாராவது இதே மாதிரி எழுதுவதாக இருந்தால், ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் எங்கே படுப்பது என்பதையும் சேர்த்து எழுதி வாங்கிவிடுங்கள். அன்றைக்குக் கட்டில் எல்லாம் யாத்ரீகர்களுக்குப் போய்விடும், நமக்கு மொட்டை மாடிதான்.